பாக்கெட்டில் மடக்குக்கத்தி வைக்கலாமா? ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு ஆள் இல்லாத சர்வீஸ் ரோட்டுல பைக் ஓட்டுறவங்க, கடைசி பஸ்ஸை விட்டு இறங்கி அரை கிலோமீட்டர் நடந்து ஹாஸ்டலுக்குப் போறவங்க, டெலிவரிக்காக முன்பின் தெரியாத தெருவுக்குள்ள நுழையுறவங்க... இவங்க எல்லார் மனசுலயும் என்னைக்காவது ஒரு நாள் இந்த எண்ணம் வந்திருக்கும்: "கையில ஏதாவது ஒண்ணு இருந்தா நல்லா இருக்குமே!"

அந்த எண்ணத்தோட ஷாப்பிங் ஆப்பைத் திறந்தா, முதல்ல கண்ணுல படுறதே மடக்குக்கத்திதான். உள்ளங்கைக்குள்ள அடங்கும். நானூறு, ஐந்நூறு ரூபாய்க்கே கிடைக்கும். 'செல்ஃப் டிஃபென்ஸ்'னு தலைப்புலயே எழுதியிருப்பாங்க. அடுத்ததா வர்ற சந்தேகம், "இதை எங்க வெச்சுக்கிறது? ஜீன்ஸ் பாக்கெட்லயா, இடுப்புலயா, பையிலயா?"

நியாயமான கேள்வி. பதிலும் இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது ரெண்டு இருக்கு. ஒண்ணு, சட்டம். இன்னொண்ணு, நேரம். இந்த ரெண்டையும் தெரிஞ்சுக்காம எந்தப் பாக்கெட்ல வெச்சாலும், அந்தக் கத்தி உங்களுக்கு எதிரா திரும்ப வாய்ப்பு அதிகம். எப்படின்னு பார்ப்போம்.

மடக்குக்கத்தி எத்தனை வகை?

எல்லா மடக்குக்கத்தியும் ஒண்ணு இல்ல. முதல் வகை, நம்ம தாத்தா பென்சில் சீவ வெச்சிருந்த பேனாக்கத்தி. விரிச்சா ஒரு ஸ்பிரிங் பட்டை அதைப் பிடிச்சு நிறுத்தும். ஆனா பூட்டு கிடையாது. பிளேடோட முதுகுல அழுத்தினா மடங்கிடும். சிவப்புப் பிடியில சிலுவைச் சின்னம் போட்ட சுவிஸ் கத்தியிலயும் சின்ன மாடல்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். 1897-ல் சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்செனர் பதிவு செய்த டிசைன்ல இருந்து வளர்ந்த குடும்பம் அது. அட்டைப்பெட்டி பிரிக்க, ஆப்பிள் நறுக்க, திருகாணி முடுக்கன்னு வேலைக்காகவே பிறந்தது.

ரெண்டாவது, பூட்டு வெச்ச கத்தி. விரிச்சதும் 'டிக்'னு பூட்டிக்கும். மடக்கணும்னா உள்ளே இருக்கிற பட்டையை விரலால ஒதுக்கணும். ஆன்லைன்ல 'டாக்டிகல்'னு விக்கிறதுல பெரும்பாலானவை இந்த வகை.

மூணாவது, பட்டன் கத்தி. பட்டனை அழுத்தினா ஸ்பிரிங் பிளேடை வெளியே தள்ளும். பழைய இந்திப் படங்கள்ல வில்லன் சட்டுனு விரிக்கிற 'ராம்புரி' கத்தி இந்த ரகத்துக்குப் பேர் போனது. உத்தரப்பிரதேசத்தில் இருக்கிற ராம்பூர் நகரம் அந்தக் காலத்துல இதுக்காகவே புகழ்பெற்றிருந்தது. 1990-களில் நாலரை அங்குலத்துக்கு மேல் நீளமான பிளேடு செய்ய மாநில அரசு தடை போட்டதும் அந்தத் தொழில் சுருங்கிப்போச்சு. இப்போ ராம்பூர் போனா, நகரச் சந்திப்புல சுமார் 20 அடி உயரத்துல ஒரு ராம்புரி கத்தி சிலையைப் பார்க்கலாம். 2023-ல் வெச்சாங்க. தொழில் போயி சிலை வந்திருக்கு!

இந்த வகைப் பிரிவு ஏன் முக்கியம்னா, சட்டம் இந்த மூணையும் ஒரே மாதிரி பார்க்கிறதில்ல.

சட்டம் என்ன சொல்லுது?

"9 இன்ச்சுக்குக் கீழ இருந்தா பிரச்னையே இல்ல ப்ரோ!" இதை நிறைய பேர் சொல்லிக் கேட்டிருப்பீங்க. அதுல பாதி உண்மை.

ஆயுதச் சட்டம் 1959, அதன் கீழ் வந்த ஆயுத விதிகள் 2016. இந்த விதிகளில் இருக்கிற பட்டியல்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடு கொண்ட கத்திகள் ஆயுதம் என்ற வகைக்குள் வரும். வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகிய தேவைகளுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. பாக்கெட்ல வைக்கிற மடக்குக்கத்தியோட பிளேடு பெரும்பாலும் 3, 4 அங்குலம்தான் இருக்கும். அதனால "நமக்கு லைசென்ஸ் தேவையில்ல"ன்னு முடிவு பண்ணிடுறாங்க.

மீதிப் பாதி எங்க இருக்குன்னா...

ஒண்ணு, ஊருக்கு ஊர் விதி மாறும். டெல்லியில் 1980-லேயே ஓர் அறிவிப்பு வெளியானது. பட்டன் அல்லது வேறு இயந்திர அமைப்பால் திறந்து மூடும் கத்தியில் பிளேடு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அதற்கு மேலும் இருந்தால் அது கட்டுப்பாட்டுக்குள் வரும். 7.62 செ.மீ.ங்கிறது வெறும் 3 அங்குலம். சென்னையில ஆர்டர் பண்ணின பட்டன் கத்தியை பையில போட்டுட்டு இன்டர்வியூவுக்கு டெல்லி போறவர், ரயிலை விட்டு இறங்கும்போதே வேற விதிக்குள்ள இறங்குறார்.

ரெண்டு, நாளுக்கு நாளும் விதி மாறும். தேர்தல், குருபூஜை, பதற்றமான திருவிழா நேரங்கள்ல கலெக்டரோ, கமிஷனரோ தடையுத்தரவு போடுவாங்க. '144 போட்டிருக்காங்க'ன்னு நாம சொல்றது, இப்போ பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163-வது பிரிவு. அந்த உத்தரவுகளில் ஆயுதங்களோட நடமாடக் கூடாதுன்னு ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அன்னைக்கு வாகனச் சோதனையில உங்க கத்தி சிக்கினா, "இது 3 இன்ச்தான் சார்"னு ஸ்கேல் வெச்சு அளந்து காட்ட முடியாது.

மூணு, உங்க வாயிலிருந்து வர்ற பதில். சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்கான விளக்கமே, தாக்கவோ தற்காக்கவோ உருவாக்கப்பட்ட அல்லது அதற்காக மாற்றப்பட்ட பொருள் என்றுதான் ஆரம்பிக்குது. எலெக்ட்ரீஷியன் பையில வயர் கட்டரோட சேர்ந்து இருக்கிற கத்தியைப் பார்த்தா, அது அவரோட தொழில் சாமான்னு யாருக்கும் புரியும். ராத்திரி 11 மணிக்கு டாஸ்மாக் வாசல்ல நிக்கிறவர் இடுப்புல அதே கத்தி இருந்து, "எதுக்குய்யா இது?"ன்னு போலீஸ் கேட்கும்போது "பாதுகாப்புக்கு சார்"னு சொன்னா, அந்த ஒரு வார்த்தையில சாமான் ஆயுதமா மாறத் தொடங்கிடுது.

சட்டம் தற்காப்பு உரிமையைத் தரலையான்னு கேட்டா, தாராளமா தருது. பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் முழுக்கத் தற்காப்பு உரிமை பற்றியவைதான். 2024 ஜூலை 1-க்கு முன்னாடி இதே உரிமை இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தது. உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும், பாலியல் வன்கொடுமை நடக்கும், கடத்துவார்கள், ஆசிட் வீசுவார்கள் என நியாயமாக அஞ்சும் நிலையில், எதிராளியின் உயிரே போனாலும் அது குற்றமாகாது என்கிறது 38-வது பிரிவு.

ஆனா, 37-வது பிரிவு ரெண்டு எல்லைக்கோடு போடுது. போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தா இந்த உரிமை கிடையாது. தேவைக்கு மேல் ஒரு காயம்கூட ஏற்படுத்தக் கூடாது. வெறுங்கையோட வந்து சட்டையைப் பிடிச்சவரைக் கத்தியால குத்தினா, "இது தேவைதானா?"ங்கிற கேள்வி கோர்ட்டுல கட்டாயம் வரும். அடிச்சவர் திரும்பி ஓட ஆரம்பிச்ச பிறகு துரத்திப்போய்க் குத்தினா, அதைத் தற்காப்புன்னு யாரும் ஏத்துக்க மாட்டாங்க. தற்காப்புக்காகத்தான் செஞ்சேன்னு காட்ட வேண்டிய பொறுப்பும் உங்க தலையிலதான் விழும். அது நிரூபணமாகலைன்னா, ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்தினதுக்கான 118-வது பிரிவு காத்திருக்கு. சாதாரணக் காயம்னா 3 ஆண்டு வரை, கொடுங்காயம்னா 10 ஆண்டு, ஆயுள் வரைக்கும்கூடப் போகும்.

பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன், அரசு வேலை, வெளிநாட்டுப் படிப்புன்னு கனவு இருக்கிற 22 வயசுல, ஒரு எஃப்.ஐ.ஆர். எவ்வளவு பாரம்னு உங்களுக்கே தெரியும்.

அந்த ஒன்றரை விநாடி

சரி, சட்டத்தை ஓரமா வைப்போம். உண்மையிலேயே ஒருத்தர் தாக்க வர்றார். கத்தி உதவுமா?

அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீஸ்ல பயிற்சியாளரா இருந்த டென்னிஸ் ட்யூலர், 1983-ல் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோட ஒருத்தர் ஓடி வந்தா எவ்வளவு தூரத்துல இருக்கும்போதே ஆபத்து தொடங்குதுங்கிறதுதான் அவரோட கேள்வி. ஆட்களை ஓடவிட்டு நேரம் பார்த்தார். சராசரி ஆள் 21 அடியை, அதாவது சுமார் ஆறரை மீட்டரை, ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் கடந்துடுறார். பயிற்சி பெற்ற போலீஸ்காரர் இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் ஆகுது.

இதை உங்க மொட்டை மாடியிலயே சோதிச்சுப் பார்க்கலாம். கத்தி வேண்டாம், மூடி போட்ட ஒரு பேனா போதும். பேனாவை ஜீன்ஸ் பாக்கெட்டுக்குள்ள போட்டுக்கோங்க. ஃப்ரெண்டை 20 அடி தள்ளி நிக்கச் சொல்லுங்க. எப்போ வருவார்னு சொல்லாம அவர் ஓடி வந்து உங்க தோளைத் தொடணும். அதுக்குள்ள நீங்க பேனாவை எடுத்து மூடியைக் கழட்டணும். பத்து தடவை செஞ்சு பாருங்க. எத்தனை தடவை ஜெயிக்கிறீங்கன்னு எண்ணிக்கோங்க.

இது பகல் வெளிச்சத்துல, விளையாட்டா, என்ன நடக்கப் போகுதுன்னு தெரிஞ்சே செய்யுறது. நிஜத்துல இருட்டு இருக்கும். ஒரு கையில போனோ டிபன் பாக்ஸோ இருக்கும். தாக்க வர்றவர் 20 அடி தள்ளி நின்னு அறிவிப்பு கொடுக்க மாட்டார். "டைம் என்ன பாஸ்?"னு கேட்டுக்கிட்டே கையெட்டும் தூரத்துக்கு வந்திருப்பார். பயத்துல இதயம் படபடக்கும்போது விரல் நுனி வேலைகள்தான் முதல்ல சொதப்பும். சாவியைப் பூட்டுத் துவாரத்துல நுழைக்கவே கை நடுங்கும். பாக்கெட்ல இருந்து எடுத்து, சரியா திருப்பி, கட்டைவிரலால பிளேடைத் தள்ளி, பூட்டு விழுந்துச்சான்னு உணர்ந்து... மடக்குக்கத்தி கேட்கிறது அத்தனையும் விரல் நுனி வேலை.

உங்க கையையே வெட்டும்!

மடக்குக்கத்தி பெரும்பாலானதுல பிடிக்கும் பிளேடுக்கும் நடுவுல கையைத் தடுக்கிற சரியான தடுப்பு இருக்காது. வியர்த்த கையால குத்தினா, முனை பெல்ட் பக்கிள்லயோ எலும்புலயோ மோதி நிக்கும். கை நிக்காது. வழுக்கிட்டுப் போய் சொந்த விரல்களே கூர்ப்பக்கத்துல விழும். பூட்டு இல்லாத கத்தின்னா பிளேடே மடங்கி விரல் மேல விழும். மலிவான கத்தியில பூட்டு இருந்தும் அந்த வேகத்துக்குத் தாங்காது. விரலை மடக்குற தசைநாண் அறுந்துட்டா அறுவை சிகிச்சை, அப்புறம் வாரக்கணக்குல பிசியோதெரபி. கீபோர்டுலயோ ஹேண்டில்பார்லயோ பிழைப்பு நடத்துறவங்களுக்கு அது சின்ன விஷயம் இல்ல.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. கத்தி வெளியே வந்துட்டா அது யார் கைக்கு வேணும்னாலும் போகும். உங்களைவிட பலசாலியோ, ரெண்டு மூணு பேரோ இருந்தா, நீங்க கொண்டு வந்த கத்தியே அவங்க கைக்கு மாற எத்தனை நேரம் ஆகும்? போனைப் பறிக்க வந்தவர், கத்தியைப் பார்த்ததும் பயத்துல இன்னும் மோசமா தாக்கலாம். போனோட முடிஞ்சிருக்க வேண்டியது உயிர் வரைக்கும் போயிடும்.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தா வர்ற முடிவு ஒண்ணுதான். மடக்குக்கத்தி நல்ல சாமான், மோசமான கவசம். சாமானா வெச்சுக்கணும்னா தாராளமா வெச்சுக்கலாம். எங்க, எப்படிங்கிற கேள்விக்கு இப்போ வருவோம்.

எங்க வைக்கலாம்?

*ஜீன்ஸ் முன் பாக்கெட், கிளிப்போட:* 1981-ல் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் பேனா மாதிரி கிளிப் வெச்ச மடக்குக்கத்தியைக் கொண்டு வந்த பிறகு உலகம் முழுக்கப் பரவின பழக்கம் இது. எடுக்க சுலபம். ஆனா கிளிப் வெளியே தெரியும். பஸ் கூட்டத்துல, மெட்ரோ வாசல்ல எல்லாருக்கும் அடையாளம் காட்டும். மடிச்ச பிளேடோட முனை மேல பார்த்தபடி மாட்டுற கத்தின்னா இன்னும் கவனம் தேவை. பாக்கெட்டுக்குள்ளயே கொஞ்சம் விரிஞ்சுட்டா, சில்லறை எடுக்கப் போற விரல் நேரா முனையில போய் நிக்கும். பிளேடோட முதுகுப் பக்கம் பாக்கெட்டின் பின் தையலை ஒட்டி இருக்கிற மாதிரி மாட்டினா, தையலே அதை விரியவிடாம தடுக்கும்.

*பாக்கெட்டுக்குள்ள, சாவி சில்லறையோட:* வேண்டவே வேண்டாம். சாவி மாட்டி பிளேடை நெம்பிவிடும். பைக்ல உட்காரும்போது தொடை மடிப்புல குத்தும். கீழே விழுந்தா அந்த இடத்துல இருக்கிற பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்துலயே கத்தி இருக்கும்ங்கிறதை மறக்காதீங்க.

*இடுப்பு பெல்ட் உறை:* எலெக்ட்ரீஷியன், கேபிள் வேலை, மரவேலை, தோட்ட வேலைன்னு நாள் முழுக்கக் கத்தி தேவைப்படுறவங்களுக்கு இதுதான் வசதி. பட்டன் போட்டு மூடுற உறையா பார்த்து வாங்குங்க. வேலை முடிஞ்சதும் டூல் பாக்ஸுக்குள்ள போயிடணும். டீக்கடைக்கு, கல்யாண வீட்டுக்கெல்லாம் கூட வரக் கூடாது.

*முதுகுப்பை:* நம்மில் பெரும்பாலானவங்களுக்கு இதுவே சரி. மலையேற்றம், கேம்பிங், லாங் ரைடு போறப்போ, ஜிப் வெச்ச உள் அறையில, முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்துல வைங்க. சல்வார், லெக்கிங்ஸ்ல பாக்கெட்டே இல்லாத பிரச்னைக்கும் இதுதான் வழி. எடுக்க அரை நிமிஷம் ஆகுமேன்னு யோசிக்காதீங்க. கயிறு அறுக்கவும் மாங்காய் நறுக்கவும் யாரும் அவசரப்படப் போறதில்ல.

*சாவிக்கொத்து:* ரெண்டு அங்குலத்துக்குள்ள இருக்கிற குட்டிக் கத்திக்கு ஏத்தது. பார்சல் பிரிக்கப் போதும். ஆனா அது சாவியோட சேர்ந்தே இருக்கும்ங்கிறதை மறந்துட்டு ஏர்போர்ட் போயிடாதீங்க.

*கழுத்துச் சங்கிலி, ஷூ, சாக்ஸுக்குள்ள:* ரீல்ஸ்ல பார்க்க கெத்தா இருக்கும். கழுத்துல தொங்குறது கம்பியில மாட்டி இழுத்தா கழுத்தை நெரிக்கும். ஷூவுக்குள்ள மறைச்சு வெச்ச கத்தி சோதனையில கிடைச்சா, மறைச்சு வெச்சதே சந்தேகத்தைக் கிளப்பும்.

எங்க வெச்சாலும் பராமரிப்பு முக்கியம். நம்ம ஊர் வியர்வையும் கடற்கரைக் காத்தும் இரும்பைச் சும்மா விடாது. வாரம் ஒரு தடவை துடைச்சு, மடங்குற இடத்துல ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்க. பூட்டு ஆடுதா, பிளேடு தொளதொளன்னு இருக்கான்னு பாருங்க. ஆடினா தூக்கிப் போட்டுடலாம்.

இங்கெல்லாம் கொண்டு போகவே கூடாது

விமானத்துல கேபின் பைக்குள்ள எந்தக் கத்தியும் கூடாது. செக்-இன் லக்கேஜ்லதான் போடணும். மெட்ரோ, கோர்ட், மால், தியேட்டர், கிரிக்கெட் மைதானம்னு ஸ்கேனர் இருக்கிற எந்த இடத்துக்கும் வேண்டாம். ஸ்கூல், காலேஜ் வளாகத்துக்குள்ள பென்சில் சீவுற சாக்குகூட எடுபடாது. வீட்டுல தம்பி, தங்கச்சி பையில கத்தி இருக்கிறது தெரிஞ்சா திட்டுறதுக்கு முன்னாடி, "யாரைப் பார்த்து பயப்படுற?"ன்னு கேளுங்க. அந்தப் பதில்லதான் உண்மையான பிரச்னை இருக்கும்.

எக்காரணம் கொண்டும் கத்தியோட போட்டோ, ரீல்ஸ் வேண்டாம். அப்படிப் போட்டுக் கைதானவங்க செய்தி நம்ம ஊர்ல அடிக்கடி வருது. லைக் வாங்கப் போட்ட அதே வீடியோதான் சாட்சியா மாறும்.

மேற்படிப்புக்கு பிரிட்டன் போறவங்க இன்னும் கவனமா இருக்கணும். அங்கே பூட்டு இல்லாத, 3 அங்குலத்துக்குள்ள பிளேடு இருக்கிற மடக்குக்கத்தியைத்தான் காரணம் சொல்லாம வெச்சிருக்கலாம். பூட்டு வெச்ச கத்தின்னா தகுந்த காரணம் வேணும். 'தற்காப்பு'ங்கிறதை அந்த நாட்டுச் சட்டம் தகுந்த காரணமா ஏத்துக்கிறதில்ல. பெப்பர் ஸ்பிரே அங்கே துப்பாக்கிச் சட்டத்துல தடை செஞ்ச பொருள். சிங்கப்பூரில் பொது இடத்துல ஆயுதத்தோட சிக்கினா சிறையோட பிரம்படி வரைக்கும் போகலாம். பேக்கிங் பண்ணும்போது அம்மா அன்பா வெச்சுவிடுற காய்கறிக் கத்தியைக்கூட செக்-இன் பெட்டிக்குள்ளதான் போடணும்.

அப்போ பாதுகாப்புக்கு என்னதான் வழி?

பயம் நிஜம். அதுக்குப் பதில் இல்லாம "கத்தி வேண்டாம்"னு மட்டும் சொல்லிட்டுப் போறது நியாயம் இல்ல. அந்த ஒன்றரை விநாடிக் கணக்கை மனசுல வெச்சுக்கிட்டு, எது உங்களுக்கு நேரம் வாங்கித் தரும்னு பாருங்க.

*போன்:* இன்னைக்கே செட்டிங்ஸ்ல போய் 'எமர்ஜென்சி எஸ்.ஓ.எஸ்.' ஆன் பண்ணுங்க. பெரும்பாலான புது ஸ்மார்ட்போன்கள்ல பவர் பட்டனை அஞ்சு தடவை அழுத்தினா அவசர அழைப்பு போற மாதிரி வெச்சுக்கலாம். நாடு முழுக்க அவசர எண் 112. பெண்களுக்கான உதவி எண் 181. ரயில்ல போறப்போ 139. தமிழ்நாடு போலீஸின் 'காவல் உதவி' ஆப்பையும் இறக்கி வெச்சுக்கோங்க. லேட்டா வர்ற நாட்கள்ல வீட்டுல ஒருத்தருக்காவது லைவ் லொகேஷன் அனுப்பிடுங்க.

*சத்தம்:* ஒரு விசில் போதும். பாக்கெட்ல பிடிபட்டாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. தப்பு பண்ண வர்றவருக்கு வேண்டியது அமைதி. அதைக் கெடுக்கிறதுதான் முதல் தற்காப்பு. "ஐயோ"ன்னு கத்துறதைவிட, "பச்சை சட்டை அண்ணா, போலீஸைக் கூப்பிடுங்க!"ன்னு ஆளைக் குறிப்பிட்டுக் கூப்பிட்டா உதவி சீக்கிரம் வரும்.

*பெப்பர் ஸ்பிரே:* மிளகாயின் காரச் சத்தில் செய்யுறது. நம்ம ஊர்ல லைசென்ஸ் இல்லாம வாங்கலாம். கத்தி மாதிரி ஒட்டி நிக்கத் தேவையில்ல, சில அடி தள்ளி நின்னே பயன்படுத்தலாம். உடனே ஓட நேரம் கிடைக்கும். காலாவதித் தேதி பாருங்க. காத்தடிக்கிற திசையைக் கவனிங்க, இல்லைன்னா உங்க கண்ணுக்கே வரும். இதுவும் விளையாட்டுச் சாமான் இல்ல. வாக்குவாதத்துல ஸ்பிரே அடிச்ச ஒரு வழக்கில், உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில் இதைப் பயன்படுத்தினதைத் தற்காப்புன்னு ஏத்து வழக்கை ரத்து செய்ய கர்நாடக உயர் நீதிமன்றம் 2024-ல் மறுத்தது. ஆபத்துல மட்டும்தான் கை அதுக்குப் போகணும்.

*கால்:* கேவலமா நினைக்க வேண்டாம். வெளிச்சம் இருக்கிற பெட்டிக்கடை, பெட்ரோல் பங்க், ஏ.டி.எம். வாசல், ஆஸ்பத்திரி... தினமும் போற பாதையில இந்த இடங்களை முன்கூட்டியே மனசுல குறிச்சு வைங்க. போன், பர்ஸ் கேட்டா, அதை ஒரு பக்கம் தூக்கிப் போட்டுட்டு மறுபக்கம் ஓடுங்க. போனை இ.எம்.ஐ.ல மறுபடியும் வாங்கிக்கலாம்.

உடம்பால தற்காத்துக்கிற நம்பிக்கை வேணும்னா, பக்கத்துல இருக்கிற கராத்தே, சிலம்பம், ஜூடோ வகுப்புல சேருங்க. மாசக்கணக்குல பழகினா பிடியை உதறவும் விழுந்து எழவும் உடம்புக்குத் தானா வந்துடும். அதை எந்தச் சோதனையிலயும் யாரும் பறிமுதல் பண்ண முடியாது.

ஒருவேளை ஏதாவது நடந்துட்டா?

பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் முதல்ல 112. நடந்ததை நீங்களே முதல்ல சொல்றது ரொம்ப முக்கியம். காயம் இருந்தா சுத்தமான துணியை மடிச்சு வெச்சு விடாம அழுத்திப் பிடிங்க, 108-க்குச் சொல்லுங்க. உடம்புல குத்தி நிக்கிற பொருளைப் பிடுங்காதீங்க. பிடுங்கினா ரத்தப்போக்கு அதிகமாகும். அரசு மருத்துவமனைக்குப் போய் காயங்களைப் பதிவு பண்ணுங்க. அந்தச் சட்டையைத் துவைக்காதீங்க. பக்கத்துல சிசிடிவி இருந்தா எந்தக் கடைன்னு குறிச்சுக்கோங்க. ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுல பெரியவங்க ஒருத்தரையும் வக்கீல் ஒருத்தரையும் கூப்பிடுங்க.

கார்ட்ல போட்டு வெச்சிருக்கிற அந்தக் கத்தியை இப்போ திரும்பவும் பாருங்க. பார்சல் பிரிக்க, டிரெக்கிங்ல கயிறு அறுக்க, ஆபீஸ்ல கொய்யா நறுக்கத் தேவைன்னா, பட்டன் இல்லாத சின்னதா ஒண்ணு வாங்கி பையோட உள் ஜிப்புக்குள்ள வைங்க. ராத்திரி பயம்தான் காரணம்னா ஆர்டரை கேன்சல் பண்ணிட்டு, ஒரு விசிலும் பெப்பர் ஸ்பிரேயும் வாங்குங்க. அப்படியே போன்ல எஸ்.ஓ.எஸ். செட்டிங்கை ஆன் பண்ணிடுங்க. ரெண்டு நிமிஷ வேலைதான். அடுத்த ரீலுக்குத் தள்ளுறதுக்கு முன்னாடி முடிச்சிடுங்க!